ஐம்பது நிமிடத் தொலைவில் ஒரு பங்காளி

கிளாஸ்கோவில் வீடு, எடின்பரோவில் வேலை. ஏழு ஆண்டுகளாக வாழ்க்கை இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறுகிறேன். புறப்பட்டவுடனேயே சுரங்கம், செங்குத்தான மேடு. 1842-இல் திறந்த பாதை இது. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு இந்த மேட்டில் ஏறத் தெம்பில்லாமல் கயிறு கட்டி இழுத்தார்கள். மேடேறிவிட்டால் பால்கர்க், லின்லித்கோ, பிறகு ஹேமார்க்கெட். ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் வேவர்லியில் இறங்கிவிடலாம்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேசைப் பெண்மணி அக்கறையோடு கேட்டார்: "கிளாஸ்கோவிலா இருக்கிறீர்கள்? இரவில் தனியாக நடக்கப் பயமாக இல்லையா?" அன்று மாலை டெனிஸ்டனில் எங்கள் கட்டடத்துப் பொதுப் படிக்கட்டில் கீழ்வீட்டுப் பாட்டியைப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறவர். எந்தப் பெண்ணைக் கண்டாலும் 'ஹென்' என்றுதான் அழைப்பார். கோழியைக் குறிக்கும் அந்தச் சொல் இந்த ஊரில் செல்லப் பெயர். அவர் கேட்டது இது: "எடின்பரோவிலா வேலை? அங்கே யாராவது உன்னிடம் பேசுகிறார்களா, ஹென்?"

ஒரே நாளில் இரண்டு கேள்விகள். இரண்டு ஊர்களும் ஒன்றைப் பற்றி ஒன்று என்ன நினைக்கின்றன என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

வெளியாட்களுக்கு இரண்டுமே ஸ்காட்லாந்துதான். உள்ளே வந்து பார்த்தால் இது அசல் பங்காளிக் காய்ச்சல். எடின்பரோவுக்கு விருந்தாளியாகப் போனால், வாசலிலேயே "சாப்பிட்டுவிட்டுத்தானே வந்திருப்பீர்கள்" என்று சொல்லிவிடுவார்கள் என்பது கிளாஸ்கோக்காரர்களின் பழைய கேலி. எடின்பரோ கல்யாணத்தைவிடக் கிளாஸ்கோ சாவு வீட்டில் கலகலப்பு அதிகம் என்பது இன்னொன்று. உருளைக்கிழங்கு வறுவலில்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எடின்பரோவில் உப்போடு பழுப்பு நிறச் சாஸை ஊற்றுவார்கள். கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும் மட்டுமே. சாஸ் கேட்டால் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். தலைநகர் என்ற பட்டமும் மலைக்கோட்டையும் அவர்களுக்கு. ஆனால் பல்கலைக்கழகம் எங்களுக்கு 1451-இலேயே வந்துவிட்டது, அவர்களுடையது 1583. இதைச் சொல்லாமல் ஒரு கிளாஸ்கோக்காரர் வாதத்தை முடித்து நான் பார்த்ததில்லை.

'எங்களுக்கு' என்று எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை. இந்த ஊருக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது, அதைத் துடைக்க எப்படிப் போராடினார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சொல் எனக்கு வாய்த்தது.

ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பேரரசின் இரண்டாவது நகரம் என்று கிளாஸ்கோவைச் சொன்னார்கள். கிளைட் நதிக்கரையில் கட்டிய கப்பல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல் தளங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1951-இல் ஏறக்குறைய 10.9 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2001-இல் 5.8 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. எல்லைக் கோடுகள் மாறியதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் உண்மையாகவே போனார்கள், அனுப்பவும் பட்டார்கள். நெரிசலான பழைய குடியிருப்புகளை இடித்துத் தள்ளி, குடும்பங்களை ஈஸ்ட் கில்பிரைடு, கம்பர்னால்டு போன்ற புது நகரங்களுக்கும், ஊரின் விளிம்பிலிருந்த ஈஸ்டர்ஹவுஸ், டிரம்சேப்பல் குடியிருப்புகளுக்கும் மாற்றினார்கள். கீழ்வீட்டுப் பாட்டி அப்படி ஈஸ்டர்ஹவுஸுக்குப் போனவர். புது வீட்டில் உள்ளேயே குளியலறை இருந்ததைக் கண்டு அவருடைய அம்மா அழுதாராம். ஆனால் சுற்றிலும் கடை இல்லை, திரையரங்கு இல்லை, நடந்து போக ஓர் இடம் இல்லை. கத்திக்குத்து, குடி, வேலையின்மை, கரி படிந்த கட்டடங்கள் என்பதே வெளியுலகம் அறிந்த கிளாஸ்கோ.

1983-இல் ஒரு திருப்பம் வந்தது. அப்போதைய நகரத் தலைவர் மைக்கேல் கெல்லியும் விளம்பரக்காரர் ஜான் ஸ்ட்ரதர்ஸும் சேர்ந்து ஒரு வாசகத்தை ஊர் முழுக்க ஒட்டினார்கள்: 'கிளாஸ்கோஸ் மைல்ஸ் பெட்டர்'. மைல் கணக்கில் மேலான ஊர் என்று பொருள். நடுவிலிருக்கும் 'ஸ்' என்ற ஒலியை அடுத்த சொல்லோடு சேர்த்துப் படித்தால் 'கிளாஸ்கோ ஸ்மைல்ஸ் பெட்டர்', கிளாஸ்கோவின் சிரிப்பு அழகு என்றாகிவிடும். பக்கத்தில் குழந்தைப் புத்தகங்களில் வரும் மஞ்சள் உருண்டை மனிதர், மிஸ்டர் ஹேப்பி. நியூயார்க்கின் புகழ்பெற்ற இதயச் சின்னத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை அது.

மேலான ஊர் என்றால் எந்த ஊரைவிட மேல்? வாசகத்தில் பெயர் இல்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. அந்த வாசகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 'நாங்கள் நல்ல ஊர்' என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பங்காளி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதால், தலை குனிந்திருந்த ஊருக்கு ரோஷம் வந்தது. பாட்டி அந்த மஞ்சள் பொத்தானை இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். கோவன் கப்பல் தளத்தில் வேலை இழந்த அவருடைய கணவர் அதைக் கோட்டில் குத்திக்கொண்டு எடின்பரோவுக்குக் கால்பந்து பார்க்கப் போவாராம். விளம்பரத்தால் எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள் போடட்டும். வேலையிழந்த மனிதர் ஒருவர் தன் ஊரின் பெயரை மார்பில் குத்திக்கொண்டு வெளியூர் போனார். எனக்கு அது பெரிய விஷயம்.

வெறும் பொத்தானோடு நின்றிருந்தால் சாயம் சீக்கிரம் வெளுத்திருக்கும். காட்டுவதற்குக் கையில் பொருள் இருந்தது. அதே 1983-இல் போலக் பூங்காவில் பரெல் அருங்காட்சியகம் திறந்தது. கப்பல் வணிகத்தில் செல்வம் சேர்த்த வில்லியம் பரெல் தன் கலைச் சேகரிப்பை 1944-இலேயே நகருக்குக் கொடுத்திருந்தார். முக்கியமான ஒரு நிபந்தனை: நகரின் புகை பட்டால் திரைச்சீலைகள் பாழாகிவிடும், அதனால் மையத்திலிருந்து 16 மைலுக்கு அப்பால்தான் கட்டடம் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் அமையாமல் பொக்கிஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் பெட்டிகளில் கிடந்தது. சட்டம் வந்து காற்று சுத்தமான பிறகு, நிபந்தனையைத் தளர்த்தி, ஊருக்குள்ளேயே இருந்த பூங்காவில் வைத்தார்கள். புகைக்குப் பயந்து விலகி நிற்கச் சொன்ன செல்வம் ஊருக்குள் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய் உட்காருவது ஓவியங்களுக்காக மட்டும் இல்லை. மரங்களை ஒட்டிய அந்தக் கண்ணாடிச் சுவர் அருகே இதை நினைத்துக்கொள்ளப் பிடிக்கும்.

பிறகு 1988-இல் பழைய கப்பல் துறையை நிரப்பித் தோட்டத் திருவிழா நடத்தினார்கள். 43 இலட்சம் வருகைகள். அதற்கு முன்பே, 1986-இல், பெரிய செய்தி வந்திருந்தது. 1990-க்கான ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாகப் பிரிட்டனில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று போட்டி. பாத், கேம்பிரிட்ஜ், லிவர்பூல், கார்டிஃப் உட்பட ஒன்பது நகரங்கள். எடின்பரோவும் இருந்தது. 1947 முதல் உலகப் புகழ்பெற்ற கலைவிழாவை நடத்துகிற ஊர்! வென்றது கிளாஸ்கோ. ஆண்டுக்கு ஓர் ஊராக அந்தப் பட்டம் போன வழி இது: ஏதென்ஸ், ஃபிளாரன்ஸ், ஆம்ஸ்டர்டாம், மேற்கு பெர்லின், பாரிஸ், அடுத்து கிளாஸ்கோ. இந்த வரிசையைப் பாட்டி விரல் விட்டு எண்ணிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

ஆனால் அதே பாட்டி இன்னொன்றும் சொன்னார். "அந்தச் சிரிப்பு ஈஸ்டர்ஹவுஸ் பஸ்ஸில் ஏறவே இல்லை, ஹென்." நகர மையத்தில் கரி படிந்த சுவர்களைத் தேய்த்துக் கழுவினார்கள்; இசை அரங்கு எழுந்தது. விளிம்புக் குடியிருப்புகளின் சுவர்களில் ஈரம் அப்படியே இருந்தது. அப்போதே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். மையத்திலிருந்த பழைய கிடங்குப் பகுதிக்கு 1980-களில் 'மெர்ச்சன்ட் சிட்டி', வணிகர் நகரம், என்று புதுப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. புகையிலையிலும் அடிமைகளின் உழைப்பிலும் பணம் சேர்த்தவர்கள்தான் அந்த வணிகர்கள். அவர்கள் பெயரில் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. இதற்கு மறுப்பாகத் தங்களுக்கு 'ஒர்க்கர்ஸ் சிட்டி', தொழிலாளர் நகரம், என்று பெயரிட்டுக்கொண்டு எழுத்தாளர்கள் சிலர் குரல் கொடுத்தார்கள். அன்று அவர்களை ஊர் கெடுக்க வந்தவர்கள் என்று திட்டினார்கள். 2022-இல் நகராட்சியே அடிமை வணிகத்தில் நகருக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. ஊரைக் குறை சொன்னவர்களும் ஊரை நேசித்தவர்களே என்பதை ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

என்னை வாட்டும் கணக்கு வேறொன்று. 2010-இல் வந்த ஓர் ஆய்வு, வறுமையில் ஏறக்குறைய ஒரே நிலையிலிருந்த லிவர்பூல், மான்செஸ்டரோடு கிளாஸ்கோவை ஒப்பிட்டது. அகால மரணங்கள் கிளாஸ்கோவில் 30 சதவீதத்துக்கும் மேல் அதிகம். 2016-இல் வந்த விரிவான அறிக்கை காரணங்களில் ஒன்றாகப் பழைய கொள்கைகளைச் சுட்டியது: தொழில் தெரிந்த இளம் குடும்பங்களைப் புது நகரங்களுக்குப் பொறுக்கி அனுப்பிவிட்டு, மற்றவர்களை விட்டுவிட்டார்கள். மஞ்சள் மனிதர் சிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்த மரணங்களும் நடந்துகொண்டிருந்தன.

என் சக ஊழியரின் பயத்துக்குப் பதில் சொன்னது எந்த வாசகமும் இல்லை. 2005-இல் இங்கிருந்த காவல் துறை வன்முறை குறைப்புக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. கத்திக்குத்தைத் தொற்றுநோய் போல எண்ணி அணுகினார்கள். பள்ளியிலேயே தடுப்பது, கும்பல்களிலிருந்த பையன்களைக் கூப்பிட்டுப் பேசி வேலைக்கு வழி காட்டுவது, பின்னாளில் குத்துப்பட்டு அவசர சிகிச்சைக்கு வருகிறவரின் படுக்கை அருகிலேயே போய் உட்கார்ந்து பேசுவது என்று பொறுமையாகச் செய்தார்கள். கொலைகள் வெகுவாகக் குறைந்தன. லண்டனிலிருந்து பாடம் கற்க ஆட்கள் வந்தார்கள். நான் இரவு கடைசி ரயிலில் இறங்கி வீட்டுக்கு நடப்பது அந்த வேலையின் பலன்.

எடின்பரோவை எழுதாமல் விட்டால் அநியாயம். மதிய உணவு இடைவேளையில் வெயில் அடித்தால் கால்டன் குன்றுக்குப் போவேன். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் போல ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப 1826-இல் தொடங்கி, 1829-இல் பணம் தீர்ந்து, பன்னிரண்டு தூண்களோடு நிற்கிறது. 'எடின்பரோவின் அவமானம்' என்று அதற்குப் பெயர். வடக்கின் ஏதென்ஸ் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஊரை, அதற்கும் முன்பே 'பழைய புகைக்காரி' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். பணக்காரர்கள் லண்டனுக்குப் போய்விடுகிறார்களே என்ற கவலையில் 1752-இல் நகரை மேம்படுத்தத் திட்டம் வெளியிட்டார்கள். 1766-இல் போட்டி வைத்து, ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞரின் வரைபடத்தைத் தேர்ந்து, இன்று உலகமே வியக்கும் புதுநகரை எழுப்பினார்கள். நான் தினமும் பார்த்துப் பொறாமைப்படும் அந்த நேர்த்தியான தெருக்களும், தன்னைவிடப் பெரிய ஊர் ஒன்றின் முன்னால் கூனிக் குறுகிய ஓர் ஊர் எடுத்த முயற்சிதான். இது தெரிந்த நாளிலிருந்து அந்தத் தூண்கள் மீது எனக்குப் பாசம் வந்துவிட்டது.

கிளாஸ்கோவுக்கும் இப்படி ஓர் உருவம் உண்டு. அதை எந்த விளம்பர நிறுவனமும் வரையவில்லை. நவீனக் கலைக்கூடத்தின் முன் 1844 முதல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெலிங்டன் பிரபுவின் தலையில் யாரோ சாலைப் பணிக் கூம்பைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எடுத்தால் மறுநாள் மீண்டும் முளைக்கும். 2013-இல் பீடத்தை உயர்த்திவிடலாம் என்று 65,000 பவுண்ட் திட்டம் ஒன்று வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் நகரின் புதிய வாசகமும் வந்தது: மக்களே கிளாஸ்கோவை உருவாக்குகிறார்கள் என்று. இளஞ்சிவப்பில் பெரிய எழுத்தில் ஒரு கோபுரத்தில் எழுதினார்கள். எனக்கு அந்த எழுத்தைவிடக் கூம்பு பிடிக்கும். அதை மேலே ஏற்றியவர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.

முதல் வாரம் பயமில்லையா என்று கேட்ட அந்தப் பெண்மணி, ஐம்பது நிமிடத் தொலைவில் பிறந்து வளர்ந்தும், கிளாஸ்கோவில் ஒரு முழு நாளைக் கழித்ததே இல்லையாம். வரும் சனிக்கிழமை வருகிறார். காலையில் பரெல், மதியம் கூம்பு, பிறகு பாட்டி வீடு. பாட்டி அந்த மஞ்சள் பொத்தானைத் துடைத்து மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார். "சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லிவிடாதே, ஹென்" என்று இரண்டு முறை நினைவூட்டினார். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள் என்று நேற்றே சொல்லிவிட்டேன்.