ரோட்டுக் கோடுகளை மழையில் வந்து பாருங்கள்

சிங்கப்பூரில் ரோட்டுக் கோடு போடும் வேலை எனக்கு. ராத்திரி லேனை அடைத்துவிட்டுக் கோடு போடுவோம். விடிந்ததும் வெள்ளைவெளேரென்று இருக்கும், பார்க்க வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதாது. நல்ல கோடா இல்லையா என்பது மழை ராத்திரியில்தான் தெரியும்.

எங்கள் லாரி ஓட்டும் தம்பி, பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் மழை பிடித்துக்கொண்டால், "அண்ணே, லேன் எங்கண்ணே போகுது?" என்பான். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும்.

ராத்திரியில் கோட்டைக் காட்டுவது பெயிண்ட் மட்டுமில்லை, அதன்மேல் தூவும் கண்ணாடி மணிகள். ரவை மாதிரி பொடியாக இருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் வளைந்து போய், அடியிலுள்ள பெயிண்டில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரிடம் திரும்பும். மேலே தண்ணீர் படலம் நின்றால் கதை மாறிவிடும். வெளிச்சத்தில் நிறைய தண்ணீரிலேயே பட்டு முன்பக்கம் சறுக்கிவிடும். உள்ளே போவதும் சரியாக வளையாது, ஏனென்றால் வெளிச்சத்தை வளைப்பதில் காற்றுக்கும் கண்ணாடிக்கும் உள்ள அளவு வித்தியாசம் தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் இல்லை. எதிர்வண்டி வெளிச்சம் வேறு தண்ணீரில் பளபளக்கும்.

அதனால்தான் மணி தூவுவதில் நான் கறாராக இருப்பேன். கோடு போட நாங்கள் உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்ட் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறங்கும். சூடு அதிகமானால் மணி முழுகிவிடும், ஆறிப்போனால் ஒட்டாது, டயர் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பாதிக்குச் சற்று மேல் புதைந்து, மிச்சம் வெளியே நிற்க வேண்டும். ரோடு ஈரமாக இருந்தால் போடவே கூடாது, ஆவி கிளம்பிக் கோட்டில் பொத்தல் விழும்.

மழைக்கென்றே வழி இருக்கிறது. பெரிய மணி போடலாம், கோட்டை மேடு மேடாகப் போடலாம். தண்ணீர் வடிந்து, மேட்டின் தலை வெளியே தெரியும். ஐரோப்பியத் தரவிதியில் கோட்டின்மேல் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷம் கழித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறார்கள். மணிக்கு 20 மில்லிமீட்டர் மழையிலும் ஒரு சோதனை உண்டு. நம்ம ஊர் இடிமழை பல நாள் அதைத் தாண்டும்.

செலவு கூடத்தான் செய்யும். எக்ஸ்பிரஸ்வே வளைவுகளிலும், பைக் அதிகம் போகும் உட்லண்ட்ஸ் பக்கமும் முதலில் போடட்டும் என்பேன். அப்புறம், சுரண்டி எடுத்த பழைய கோட்டையும் கவனிக்க வேண்டும். காய்ந்த ரோட்டில் தெரியாத அந்தத் தடம் ஈரத்தில் மின்னி, புதுக் கோட்டைவிட நன்றாகத் தெரிகிறது. அதை நம்பி ஒருவர் திருப்பினால் பக்கத்து லேனில்தான் போய் நிற்பார்.