கருவி எது, எத்தனை மணி நேரம்?

போன வாரம் எம்.எஃப்.ஓ.எம். பார்ட் டூ ரிசல்ட் வந்தது. பாஸ். தொழில்சார் மருத்துவத்தில் பயிற்சி எடுக்கும் டாக்டர்களுக்கு இங்கிலாந்தில் உள்ள உறுப்பினர் தேர்வு இது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸின் கீழ் 1978இல் தொடங்கிய ஃபேகல்டியின் தேர்வு. எப்படிப் படித்தாய் என்று ஊரிலிருந்து ஜூனியர்கள் கேட்கிறார்கள். தேர்வில் வந்ததை வெளியே சொல்லக் கூடாது. அதனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓஸ்பி என்ற செய்முறைத் தேர்வுக்காக நாங்களே வைத்துக்கொண்ட ஒத்திகையில், சீனியர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்தார். குளிரில் விரல் வெளுத்துப் போகிறது, மரத்துப் போகிறது என்றார். இப்படிச் செய்யக்கூடிய நோய்களை, ரேனாடு, ஸ்கிளிரோடெர்மா, கார்ப்பல் டன்னல் என்று ஒவ்வொன்றாக மனதில் வைத்துக் கேட்டேன். நாடி பார்த்தேன். நேரம் முடிந்தது. "அவர் கையில் என்ன கருவி பிடிக்கிறார், எத்தனை மணி நேரம் பிடிக்கிறார்? நீ கேட்கவே இல்லையே" என்றார் சீனியர். அதிரும் கருவியை வருடக்கணக்கில் பிடித்தாலும் விரல் இப்படி வெளுக்கும், மரத்துப்போகும். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

இத்தனைக்கும் எண்கள் எல்லாம் மனப்பாடம். 2005இன் அதிர்வு விதிகள்படி, 8 மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்ட அதிர்வு 2.5ஐ (அலகு மீ/வி²) தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. மனப்பாடம் மட்டும்தான்.

அப்புறம் இங்கே ஒரு ஃபவுண்டரிக்கு, அதாவது உலோக வார்ப்பாலைக்குப் போனேன். கோயம்புத்தூர்க்காரனுக்கு அந்தச் சத்தமும் மணல் வாடையும் புதிதில்லை. ஆனால் பீளமேட்டில் இருந்த காலத்தில் யாருடைய கையையும் உற்றுப் பார்த்ததில்லை. வார்ப்பின் பிசிறைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கிற இடத்தில், ஐம்பது தாண்டிய ஒருவர் (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) "நாள் முழுக்க இதுதான் டாக்டர்" என்றார். ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றேன். வார்ப்பைத் தூக்கி வைப்பது, திருப்புவது, சக்கரம் மாற்றுவது எல்லாம் போக, அன்று கிரைண்டர் ஓடிய நேரம் 2 மணிக்குச் சற்றுக் கூட. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அதிர்வு 5 உள்ள கருவியை 2 மணி நேரம் பிடித்தாலே அந்த 2.5 வந்துவிடும். 10 உள்ள கருவிக்கு அரை மணி போதும். அதிர்வு இரட்டித்தால் நேரம் பாதியல்ல, கால்வாசி. அங்கே நின்றபோதுதான் இந்தக் கணக்கு எனக்குள் இறங்கியது.

கிளினிக்கில் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் மூன்று விரல்கள், நடுக்கணு வரை வெளுக்குமாம். சில்லறைக் காசு விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. இருந்தாலும் "பெரிசா ஒண்ணுமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம். அதிர்வால் வந்த நோய் என்று டாக்டர் எழுத்தில் கொடுத்தால்தான், வேலையிட விபத்து, நோய்களைத் தெரிவிப்பதற்கான ரிட்டோர் 2013 விதிப்படி கம்பெனி அதை அரசுக்குத் தெரிவிக்கும். அவர் சம்மதமில்லாமல் நான் கம்பெனிக்கு எழுத முடியாது. கடிதத்தை முதலில் அவரிடமே கொடுத்தேன். "கிரைண்டர் வேண்டாம், ஆய்வுப் பிரிவில் வேலை கொடுக்கலாம்" என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது கோட்டுப் பொத்தானைப் போடத் தொடங்கினார். மூன்றாவது பொத்தான் ஓட்டைக்குள் போகவே இல்லை. காலையில் மனைவிதான் போட்டுவிடுவார் என்று, கதவைப் பார்த்தபடி சொன்னார்.