உப்புவெளிக் கடலில பெறாமகன்ட முழுக்கு

கொழும்பில இரவுக் கோச்சி ஏறினா கல்ஓயா சந்தி தாண்டுறவரைக்கும் எனக்கு நித்திரை வராது, அதுக்குப் பிறகு கந்தளாய் வருது எண்டு மனசு எழும்பி நிண்டிரும், பிறகெங்க நித்திரை. இந்த ஆகஸ்ட்லயும் அப்பிடித்தான். சீனக்குடா கிட்ட வரக்குள்ள இன்னும் சரியா விடியல்ல, யன்னலால தண்ணி மங்கலாத் தெரிஞ்சிது, எனக்குக் கண் கலங்கிட்டு. தங்கச்சிட மகன், பதினேழு வயசு, ஞானஸ்நானம் எடுக்கப் போறான், அதுக்காகத்தான் இந்தப் பயணம். சனம் மடுவுக்கு நேர்ந்து போகும், வேளாங்கண்ணிக்குப் போகும், எங்கட பப்டிஸ்ற் ஆக்களுக்கு அப்பிடி யாத்திரைத் தலம் எண்டு ஒண்டும் கிடையாது. ஆனா திருகோணமலையில நான் வளந்த அந்தச் சின்னச் சபைக்குப் போறது எனக்கு யாத்திரைதான், வேற என்னெண்டு சொல்ல.

பப்டிஸ்ற் சபை எண்டா என்ன எண்டு எங்கட ஊரிலயே கன பேருக்குத் தெரியாது, கத்தோலிக்கமும் மெதடிஸ்தும்தான் எல்லாருக்கும் பழக்கம். எங்கள்ட்ட குழந்தைக்குத் தண்ணி தெளிக்கிற வழக்கம் இல்ல. பிள்ளை பிறந்தா சபைக்கு முன்னால கொண்டுவந்து பாஸ்ரர் கையில ஏந்தி ஜெபிச்சு பிரதிஷ்டை பண்ணுவார், அவ்வளவுதான். அது வளந்து, தானா வாய் திறந்து நான் விசுவாசிக்கிறன் எண்டு சொன்னாத்தான் முழுக்கு, தண்ணிக்குள்ள முழுசாத் தாழ்த்தி எடுக்கிற ஞானஸ்நானம். 1609ல ஆம்ஸ்ரர்டாமில தஞ்சம் இருந்த கொஞ்ச இங்கிலாந்துக்காரர் துவங்கின வழி இது, இலங்கைக்கு 1812ல ஜேம்ஸ் சாட்டர் எண்ட மிஷனரி பர்மாவில இருந்து கொழும்புக்கு வந்து கொண்டுவந்தார்.

நான் முழுக்கு எடுத்தது 1993ல. அப்ப யுத்தம், விடியக் காலமை கூட்டமாக் கடற்கரைக்குப் போறதெண்டா லேசான காரியம் இல்ல, செக்பொயின்ட், ஐடின்டி, ஆயிரம் கேள்வி. அதால சபை வளவுக்குள்ள சீமெந்துத் தொட்டி ஒண்டு கட்டி வைச்சிருந்தாங்க. மோட்டர் இருந்திச்சு, கரண்ட் இல்ல. சனிக்கிழமை பின்னேரம் கிணத்தில இருந்து தொட்டி வரைக்கும் சபை ஆக்கள் வரிசையா நிண்டு கைக்குக் கை வாளி மாத்தினாங்க, சின்னப் பிள்ளையள் வெறும் வாளியைத் திருப்பிக் கிணத்தடிக்கு ஓடி ஓடிக் கொண்டு குடுத்ததுகள். எனக்கு முன்னால நிண்ட மாமிட கையில கயிறு அறுத்த காயம், வாளியில ரத்தம் படுதெண்டு சீலைத் தலைப்பைக் கிழிச்சுச் சுத்திக்கொண்டு திரும்பவும் நிண்டா, போய் இருங்க மாமி எண்டு சொல்ல, உன்ட முழுக்குக்கு நான் தண்ணி ஊத்தாம வேற ஆர் ஊத்துற எண்டு கேட்டா. அடுத்த நாள் அந்தத் தண்ணிக்குள்ள நான் தாழ்ந்து எழும்பினன். விசுவாசம் ஒவ்வொருத்தரும் தனிய எடுக்கிற தீர்மானம் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சது, அது உண்மைதான், நானும் நம்புறன். ஆனா அந்தத் தொட்டியில ஒரு வாளி கூட நான் தனிய அள்ளின தண்ணி இல்ல எண்டது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மனசில நிக்குது.

அந்த மாமி இப்ப இல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம் கடல் வந்தது. அதை இதுக்கு மேல எழுத எனக்கு ஏலாது.

இந்தப் பயணத்தில, முழுக்குக்கு முதல் நாள் சனிக்கிழமை பின்னேரம் சபைக் கூட்டம். எங்கள்ட்ட பிஷப் எண்டு மேல இருந்து ஒருத்தர் சொல்லி எதுவும் நடக்காது, ஒருத்தரைச் சபையில சேர்க்கிறதையும் அங்கத்தவர்கள் எல்லாரும் கை உயர்த்தித்தான் தீர்மானிப்பாங்க. இந்த முறையில சண்டையும் வரும். சில வருஷத்துக்கு முந்தி கூரை மாத்துற காசில தொடங்கின கதை பெருத்து ரெண்டு குடும்பம் வராம நிண்டுட்டு, அதில எங்கட பக்கமும் பிழை இருந்தது, நானே போன்ல கதைச்ச வார்த்தைகள் இப்பவும் குத்தும். அண்டைக்கு அதில ஒரு குடும்பத்து அன்ரி கடைசி வாங்கில வந்து இருந்தா. நான் போய்ப் பக்கத்தில இருந்தன். ஒண்டும் கதைக்கல்ல, பாட்டுப் புத்தகத்தை ரெண்டு பேருக்கும் நடுவில விரிச்சு வைச்சா.

பெறாமகன் எழும்பிச் சாட்சி சொன்னான். குரல் நடுங்கினது. அவன்ட அப்பா சைவம், வெள்ளிக்கிழமையில கோணேசர் கோயிலுக்குப் போகாம விடமாட்டார். தங்கச்சி கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவ சபைக்கு, அவர் கோயிலுக்கு, வீட்டுக்குள்ள சத்தம் இல்லாமத்தான் ஓடினது, ஆனா மகன் எண்டு வரக்குள்ள லேசில்லத்தானே. சாட்சி முடிய, சபையில மூத்தவர், கரைவலைக்காரர், எழும்பிக் கேட்டார், "தம்பி, அப்பாட்டச் சொன்னியா, அவர் என்ன சொன்னவர்?"

அவன் சொன்னது இதுதான். ஞானஸ்நான வகுப்பில பாஸ்ரர் தோமஸ் ஹெல்விஸ்ட கதை சொல்லிக் குடுத்தவராம். ஆம்ஸ்ரர்டாமில இருந்து 1612ல லண்டனுக்குத் திரும்பி வந்து, மனுசன்ட ஆத்துமாவுக்கு ராசா அதிகாரி இல்ல, வேற மதத்தவரையும் அவர் தண்டிக்கக் கூடாது எண்டு ஜேம்ஸ் ராசாவுக்கே எழுதி, அதால நியூகேற் சிறையில கிடந்து செத்த மனுசன். இதைப் போய் அப்பாட்டச் சொன்னானாம். அப்பா கன நேரம் பேசாம இருந்திட்டு, "சரி, நான் மறிக்கல்ல, ஆனா வீட்டில சாமிப்படத்தைப் பாத்து நீயும் ஒண்டும் சொல்லக்கூடாது" எண்டாராம். நான் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தானாம். மண்டபம் அமைதியாயிட்டு. பெரியவர்தான் முதல் கை உயர்த்தினார், பிறகு எல்லாரும், கடைசி வாங்கு அன்ரியும்.

ஞாயிறு விடியக் காலமை உப்புவெளிக் கடற்கரை. மார்கழி தை எண்டா அந்தக் கடலுக்குக் கிட்டப் போக ஏலாது, வாடை கொந்தளிக்கும், இப்ப கச்சான் காலம், காத்து கரையில இருந்து கடலுக்குத் தள்ளும், தண்ணி குளம் மாதிரிக் கிடக்கும். தெற்கால சுவாமிமலை கறுப்பாத் தெரியுது, அதில கோணேசர் கோயில் லைற் இன்னும் அணைக்கல்ல. நாங்க கீர்த்தனை பாடத் தொடங்கினம், மிருதங்கம் இல்ல, கைத்தாளம் மட்டும்.

கரைவலை ஆக்கள் நாலு பேர் முதல்ல இறங்கி, நெஞ்சளவு ஆழத்தில பிறை மாதிரி நிண்டாங்க. அந்தப் பக்கம் மணல் சட்டெண்டு பள்ளமாகும், முழுக்கு எடுக்கிற ஆக்களுக்குக் கால் வழுக்கினாப் பிடிக்கத்தான். நடுவில நிண்டது அந்தப் பெரியவர். சுனாமியில வள்ளமும் போய் வீட்டில ஒரு உயிரும் போன பிறகு மூண்டு வருஷம் கடல்ல கால் வைக்காத மனுசன் அவர். இப்ப ஒவ்வொரு முழுக்குக்கும் அவர்தான் முதல் இறங்கிறது.

பாஸ்ரர் ஒரு கையால முதுகைத் தாங்கி மற்றக் கையால அவன்ட மடிச்ச கையைப் பிடிச்சு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே எண்டு சாய்ச்சார். கிறிஸ்துவோட அடக்கம் பண்ணப்பட்டு அவரோட எழும்புறது எண்டு பவுல் சொல்லுறது இதைத்தான். ஒரு கணம் வெள்ளை உடுப்பு தண்ணிக்குள்ள ஊதி விரிஞ்சது, பிறகு தலை வெளிய வந்தது, மூச்சு இழுத்த சத்தம் கரை வரைக்கும் கேட்டது. நான் அல்லேலூயா எண்டு கத்தினனா அழுதனா எண்டு எனக்கே தெரியாது.

அப்பதான் பாத்தன், அவன்ட அப்பா. நெத்தியில திருநீறு, கையில துவாய். கரையில, எங்களுக்குப் பின்னாலதான் நிண்டவர், எப்ப முன்னுக்கு வந்தார் எண்டு ஒருத்தரும் காணல்ல. காற்சட்டையை மடிக்கவும் இல்ல, அப்பிடியே தண்ணிக்குள்ள நடக்கத் தொடங்கிட்டார், முழங்கால் தாண்டி, இடுப்புக்கு வந்திட்டு, மகனைத் தவிர வேற ஒண்டையும் பாக்கல்ல. "தம்பி, அதில நில்லுங்க, அங்கால பள்ளம்" எண்டு பெரியவர் நீந்தி வந்து அவர்ட தோளைப் பிடிச்சார். பிடிச்ச கையை விடல்ல. அப்பா மகன்ட தலையில துவாயைப் போட்டு அங்கேயே நிண்டு துடைச்சார், காது, பிடரி எல்லாம், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி.

மூண்டு பேரும் அப்பிடியே ஒண்டாக் கரைக்கு நடந்து வந்தாங்க. தங்கச்சி பிளாஸ்கைத் திறந்து முதல் தேத்தண்ணியை மனுசன்ட கையிலதான் குடுத்தா.