நிற்கிற மரம்

2018 கஜா புயலின் சேதக் கணக்கெடுப்பில் நான் எழுதிய படிவம் எதுவும் திருப்பி அனுப்பப்படவில்லை. தணிக்கையிலும் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

விழுந்த மரம், முறிந்த மரம் மட்டும் எழுதச் சொல்லியிருந்தார்கள். நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. அந்த அம்மாவின் தோப்பில் சாய்ந்தது 41, நின்றது 23. நின்றவற்றில் குருத்து திருகி, மட்டையெல்லாம் காற்று போன பக்கமே தொங்கியது.

"நிக்கிற மரத்தை எழுத முடியாதும்மா" என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. "அப்ப விழுந்தப்புறம் வந்து எழுதிக்குவீங்களா தம்பி?"

"வருவோம்மா."

இரண்டாவது கணக்கெடுப்பு என்ற பேச்சே அப்போது கிடையாது. நான் வெளிமாவட்டத்திலிருந்து வந்தவன், வேலை முடிந்தால் கிளம்பிவிடுவேன். இரண்டும் தெரிந்துதான் சொன்னேன். அடுத்த தோப்புக்குப் போகவேண்டிய அவசரம். மின்சாரம் இல்லாத ஊரில் இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும்.

அதற்கு முந்தின தோப்பில் ஒருவர், என்றைக்கோ வெட்டிய அடிக்கட்டைகளையும் சேர்த்து எழுதச் சொன்னார். கண்டிப்பாக மறுத்தேன். அவருக்கு மறுத்துவிட்டு இங்கே 23 மரத்தைச் சேர்த்தால் அது எப்படி நியாயம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் பாதி நாள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். மீதி நாள் அது நிற்பதில்லை. அவர் கேட்டது பொய். அந்த அம்மா காட்டியது கண்ணெதிரே இருந்தது. தென்னைக்குக் கிளை கிடையாது, குருத்து ஒன்றுதான் உயிர். அது போனால் மரம் நின்றாலும் பிணம்தான். அடிபட்ட மரத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வரும். வேளாண்மை படித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். குறிப்பு என்று ஓரத்தில் நாலு வரி எழுதியிருக்கலாம். அதையாவது செய்திருக்கலாம்.

சித்திரையில் போன் வந்தது. "தம்பி, பதினாலு சாஞ்சிருச்சு. இன்னும் ஒம்போது நிக்கிது. எழுதிக்கிறீங்களா?" குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. கேட்ட கணக்கை ஒப்படைப்பதுபோலச் சொன்னார். நான் இப்போது அங்கே இல்லை, வி.ஏ.ஓ.விடம் மனு கொடுங்கள் என்றேன். "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார். மனு கொடுத்தாரா, என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

இனி கண்ணால் கண்டதை எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். 2021 ஜனவரி மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் வயலிலேயே முளைத்தது. 33 சதவீதம் சேதம் இருந்தால்தான் நிவாரணம். ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். ஒரு வயலில் என் கணிப்புக்கு 30தான் வந்தது. விவசாயியின் முகத்தைப் பார்த்துவிட்டு 35 என்று எழுதினேன். பக்கத்து வயல்காரர் வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதும் அதே அளவுதான். அவருக்கும் 35 போட்டேன். மூன்றாவது வயலும் அப்படியேதான் கிடந்தது. அதற்கு 30 என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தேன். உரியவர் அன்று வயலுக்கு வந்திருக்கவில்லை.