எல்லைக் கோட்டை மடிக்கணினியில் கடந்த கதை

இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வகுத்துக்கொண்ட கடல் எல்லையைப் படகு நெருங்கும்போது ஒலி எழுப்பும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை, தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டும் என் மைத்துனருக்காக எழுதினேன். “மாப்ள, எல்லையத் தாண்டித்தான் இதச் சோதிக்கணும்னா எவன் போறது?” என்று அவர் கேட்டது நியாயமே. எனவே கைப்பேசியையும் கடலையும் லினக்ஸ் மடிக்கணினிக்குள் பாவனையாக உருவாக்க முனைந்தேன்.

கணினிக்குள் ஒரு கைப்பேசியைப் போலவே நடிக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு எமுலேட்டர் முகப்புத் திரைக்கு வருவதற்குள் தேநீர் குடித்து முடிக்கலாம் போலிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2007 முதல் இருந்துவரும், உள்ளே ஓடும் இயந்திரத்தின் கட்டளைகளைக் கணினியின் சிப்பே நேரடியாக இயக்கவிடும் கேவிஎம் வசதி இயங்காதபோது, உள்ளேயிருக்கும் கைப்பேசியின் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்க்க வேண்டியிருப்பதுதான் இதற்குக் காரணம். கெர்னல் பதிவேட்டில் தேடியபோது ‘கேவிஎம்: டிசேபிள்டு பை பயாஸ்’ என்ற ஒற்றை வரி கிடைத்தது; அதாவது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அதை முடக்கி வைத்திருந்தது. பயாஸில், இதற்கென இன்டெல் சிப்பில் உள்ள விடி-எக்ஸ் அமைப்பை இயக்கி, கேவிஎம் என்ற பயனர் குழுவில் என் கணக்கைச் சேர்த்து மீண்டும் உள்நுழைந்ததும் எமுலேட்டர் உண்மையான கைப்பேசியைப் போல ஓடத் தொடங்கியது.

எமுலேட்டரின் உள்ளே ஓடும் கெர்னலில் கோல்ட்ஃபிஷ் எனப்படும் பாவனைச் சாதனங்களுக்கான டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) உள்ளன. இல்லாத பேட்டரியை இருப்பதாகக் காட்டுபவை அவையே. எமுலேட்டரின் கட்டளை முனையத்தில் ‘ஜியோ ஃபிக்ஸ் 79.5 9.38’ என்று தந்தவுடன் செயலியின் படகு கச்சத்தீவின் அருகே போய் நின்று அலறியது. இங்கே தீர்க்கரேகையை முதலில் தரவேண்டும். வரிசையை மாற்றினால் படகு ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் மிதக்கும், அங்கே நம் படகுக்கு வேலை இல்லை. பேட்டரியை ஐந்து விழுக்காட்டுக்கு இறக்கியும், இணையத்தைப் பழைய ஜிஎஸ்எம் வேகத்துக்குக் குறைத்தும் பார்த்தேன். கரையை விட்டு விலகியபின் கைப்பேசிக்கு நேர்வது ஏறத்தாழ அதுதான்.

திரை வடிவமைப்பைத் திருத்தும்போதெல்லாம் இத்தனை நினைவகம் தின்னும் எமுலேட்டர் தேவையில்லை என்பதால், லினக்ஸிலேயே ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்டை நிறுவினேன். அது தனி இயந்திரம் ஒன்றைப் போல நடிப்பதில்லை; ஆண்ட்ராய்டைக் கன்டெய்னர் என்ற தனித்த அறை போன்ற ஏற்பாட்டில் வைத்து நம் கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ஆண்ட்ராய்டின் செயல்பாடுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பைண்டர் என்ற வழி நம் கெர்னலில் இருந்தே தீரவேண்டும். என் லினக்ஸ் வழங்கலின் கெர்னலில் அது இல்லை. பழைய வழிகாட்டிகள், நினைவகத்தைச் செயலிகள் பகிர்ந்துகொள்ள உதவும் ஆஷ்மெம்மும் வேண்டும் என்கின்றன. ஆனால் 5.18ஆம் பதிப்பிலேயே அது கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, அதன் வேலையை மெம்எஃப்டி பார்த்துக்கொள்கிறது.

நான் எடுத்த மூல நிரலில் பைண்டரை, தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டான மாட்யூலாகக் கட்ட இடமில்லாததால், பைண்டரையும் அதன் சாதனக் கோப்புகளை உருவாக்கித் தரும் பைண்டர்எஃப்எஸ்ஸையும் தேர்ந்து கெர்னலையே புதிதாகக் கம்பைல் செய்தேன். நேரத்தை மிச்சப்படுத்த ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையைப் பயன்படுத்துவோர், அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும் என்பதை நினைவில் கொண்டு, யுஎஸ்பி வழியாக இணையம் தரும் கைப்பேசி உட்பட எல்லாச் சாதனங்களையும் முன்கூட்டியே செருகிவிட வேண்டும். மின்சாரம் அடிக்கடி கண்ணாமூச்சி ஆடும் எங்கள் தெருவில், மடிக்கணினி முழுச் சார்ஜில் இருக்கும் இரவாகப் பார்த்து இதைத் தொடங்கினேன்.

வேட்ராய்டின் ‘ஃபோனைப் பற்றி’ பக்கத்தில் கெர்னல் பதிப்பாக நான் கம்பைல் செய்த பெயரே தெரிந்தது. இப்போது திரை வேலைக்கு வேட்ராய்டையும், கடல் சோதனைக்கு எமுலேட்டரையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். கெர்னலில் எவையெல்லாம் சேரவேண்டும் என்று சொல்லும் கட்டமைப்புக் கோப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கிறது. புதிய கெர்னல் வரும்போது அதை வைத்து ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ தந்தால், பைண்டர் தெரிவுகளை மறுபடி தேடவேண்டியதில்லை.