பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகள்: தரம் போடப் பழகுகிறேன்

1793 முதல் 1857 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த பெரிய சென்ட்டுகளில் வகைக்கு ஒன்று சேர்ப்பதுதான் என் திட்டம். இந்தக் குளிர்காலத்தில் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. சுமாரான சிலவற்றை விற்றுவிட்டு 1798ஆம் ஆண்டு சென்ட் ஒன்றை வாங்கினேன். காசின் முகப்பில் இருக்கும் லிபர்ட்டி என்ற சுதந்திரப் பெண்ணுருவின் கூந்தல் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஆனால் மேற்பரப்பு முழுக்க ஒரே பழுப்பு. விரல்நுனி படாமலே வழவழப்புத் தெரிகிறது.

செம்பில் தேய்மானத்தை மன்னிக்கலாம், கெட்ட மேற்பரப்பை மன்னிக்க முடியாது. தரம் போடுவதும் இந்தக் கணக்கில்தான். முதலில் உருவத்தின் தெளிவுக்கு மட்டும் 1 முதல் 70 வரை ஓர் எண். பிறகு விளிம்பில் பட்ட அடி, கீறல், அரிப்புக் குழி, களிம்பு என ஒவ்வொன்றுக்கும் கழிவு. தெளிவில் 30 பெறும் காசு, நுண்குழிகளால் 15க்கு இறங்கிவிடும். சான்றளிக்கும் நிறுவனங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் அச்சிடும் எண் பெரும்பாலும் இதைவிடத் தாராளமானது. பெட்டியின் எண்ணை மறைத்துக்கொண்டு நானே தரம் போட்டுப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் என் எண்தான் கஞ்சத்தனமாக வருகிறது.

இந்த அளவுகோலை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற சென்ட் சேகரிப்பாளர். மிக மட்டமான காசு ஒரு டாலர் என்றால் அப்பழுக்கற்றது எழுபது டாலர் என்பது அன்றைய கணக்கு. விலைகள் அந்தக் கணக்கை என்றோ தாண்டிவிட்டன; எண்கள் மட்டும் தங்கிவிட்டன. அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்தது அவர் மறைவுக்குப் பின் அம்பலமானது. தரம் தெரிந்த கை!

சுத்தம் செய்வதில் என் கொள்கை, முடிந்தவரை ஒன்றும் செய்யாதிருப்பது. புளி போட்டுத் துலக்கினால் பித்தளைக் குத்துவிளக்கு மின்னும்; சென்ட் செத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் சைலீன் என்ற கரைப்பான், பிறகு ஒட்டக முடித் தூரிகையால் மெல்லத் தடவல், பஞ்சுத்துணி உறை. அவ்வளவுதான்.

அச்சு வேறுபாடுகளைத் தேடுவது தனிப் பைத்தியம். ஒரு காசை அடிக்க முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று என இரண்டு அச்சுகள் வேண்டும்; 1794க்கு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு இணைகள்! 1801இல் ஒரு பின்புற அச்சில் மூன்று பிழைகள்: நூறில் ஒன்று என்பதற்குப் பதில் ஒன்றின் கீழ் மூன்று பூஜ்யம், மாலையில் ஒரு காம்பு இல்லை, நாட்டின் பெயரில் ‘யூ’ என்ற எழுத்து இரண்டு ‘ஐ’யாக நிற்கிறது. அது கிடைத்தால் கழிவுக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வேன்.

அடுத்து 1808–1814 வகை. அந்த ஆண்டுகளின் செம்பு மென்மையானது. கறுத்தும் குழிந்தும் கிடப்பவையே அதிகம். 1809 விலை தாங்காது. 1812 அல்லது 1814இல், தெளிவு 12 இருந்தாலும் போதும், குழியில்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்தவை எல்லாம் திருப்பித் தந்துவிடத் தக்கவை.