இரண்டாம் முறை கேட்ட கேள்வி

நான் மனையியல் படித்த கல்லூரி மிகச் சிறியது. வகுப்பில் பதினான்கு பேர். குழந்தை வளர்ச்சியும் உளவியலும் நடத்த இரண்டே பேராசிரியைகள். பினே-காமத் நுண்ணறிவுச் சோதனைப் பெட்டி ஒன்றே ஒன்று, அதையும் முறை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் வளாகத்துக்குள்ளேயே எங்கள் துறை நடத்திய மழலையர் பள்ளி ஒன்று இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே மூலையில் அமர்ந்து, ஒரே குழந்தையை அரை மணி நேரம் கவனித்து, கண்ணால் கண்டதை மட்டும் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். “கோபமாக இருந்தான்” என்று எழுதினால், “கோபத்தை எங்கே பார்த்தாய்?” என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேள்வி வரும். “கட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்” என்று எழுதப் பழகுவதற்குள் ஒரு செமஸ்டர் முடிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் சோதனையைச் செய்தோம். ஒரே மாதிரியான இரு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, இரண்டும் சமமா என்று கேட்டு, பிறகு ஒன்றில் உள்ளதை ஒல்லியான உயர்ந்த கண்ணாடிக் குவளைக்கு மாற்றி, அதே கேள்வியை மறுபடி கேட்பதுதான் முறை. ஏறக்குறைய ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உயர்ந்ததில்தான் அதிகம் என்பார்கள் என்பது பியாஜேயின் கண்டுபிடிப்பு. என் முன் அமர்ந்த நாலரை வயதுச் சிறுமி முதலில் “ரெண்டும் ஒண்ணுதான்கா” என்றாள். இரண்டாம் முறை கேட்டபோது என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, உயர்ந்த குவளையைத் தொட்டு “இதுலதான் நிறைய” என்றாள். புத்தகத்தில் உள்ளபடியே விடை வந்த மகிழ்ச்சியில் எழுதிக் கொடுத்தேன். பழக்கத்தினால் அவள் முகம் பார்த்ததையும் எழுதியிருந்தேன்.

பேராசிரியை அந்த ஒரு வரியைத்தான் அடிக்கோடிட்டார். பிறகு, 1970களின் நடுவில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கிய இரு வரிசைகளில் ஒன்றை ஆய்வாளர் மாற்றாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று ‘தெரியாத்தனமாக’க் கலைத்துவிட்டதாகக் காட்டியபோது, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் முன்னைவிட மிகப் பலர் சரியாக விடை சொன்னார்கள். பெரியவர் ஒருவர் தாமே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், வேறு விடையைத்தான் எதிர்பார்க்கிறார் என்று குழந்தை எண்ணுவது இயல்பு. நம் வகுப்பறைகளில் ஆசிரியர் மறுபடி கேட்டாலே முதல் விடை தப்பு என்றுதானே பொருள்? எனினும், கரடியின் விளையாட்டில் லயித்த குழந்தைகள் மாற்றத்தையே கவனித்திருக்க மாட்டார்கள் என்று பின்னர் வாதிட்டவர்களும் உண்டு. பியாஜேயை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

அடுத்த வாரம் தண்ணீரை ஊற்றும் வேலையை அந்தச் சிறுமியிடமே கொடுத்து, ஊற்றிய பிறகு ஒரே ஒரு முறை கேட்டேன். அப்போதும் உயர்ந்த குவளையைத்தான் காட்டினாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரின் மட்டத்தையே பார்த்துச் சொன்னாள். இரு நாள் பதிவுகளையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி, ‘முடிவு’ என்ற இடத்தை நிரப்பாமல் கொடுத்தேன். மதிப்பெண் குறைக்கப்படவில்லை.